கற்பணிக்கும் ஓர் ஏடு: மாமல்லைக் கடற்கரையின் இளநிலைப் படிப்புகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், உலகம் முழுவதற்கும் ஆள் அனுப்பும் இரண்டு வகைக் கல்வி அடுத்தடுத்து நடக்கிறது. உத்தண்டியில் 2008இல் நிறுவப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. கானத்தூரில் 1993இல் தொடங்கி 2007இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அமெட் இருக்கிறது. நாட்டிகல் சயின்ஸ், மரைன் இன்ஜினீயரிங் ஆகியவை இத்தகைய நிறுவனங்களின் அடிப்படை இளநிலைப் படிப்புகள். மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரி. மரபுக் கட்டடக்கலையில் பி.டெக்.கும், கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் சிற்பமும், மரபு ஓவியமும் அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்புகள்.

ஒரு வளாகம் சர்வதேசத் தரமுடையதா என்று கேட்டால், அயல்நாட்டு மாணவர் எத்தனை பேர், எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் என்றே எண்ணத் தொடங்குகிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட விதிகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இங்கே கிளை திறக்க வழி செய்தபின் இந்தப் பழக்கம் இன்னும் வலுத்திருக்கிறது. என் வாதம் வேறு. இங்கே படித்தவரின் கைவேலையை அடுத்த நாட்டார் எந்த அளவுகோலை வைத்து நம்புகிறார்கள், அந்த அளவுகோலை எழுதியவர் யார் என்பதே முதற்கேள்வி.

கடற்படிப்பிலிருந்து தொடங்கலாம். 1967இல் ‘டோரி கேன்யன்’ எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாறையில் மோதியபின், மாலுமிகளின் பயிற்சிக்குப் பொது விதி வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. 1978இல் பயிற்சி, சான்றிதழ், காவற்பணி குறித்த பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. 1984இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் காவற்பொறுப்பு ஏற்கும் அதிகாரிக்கு அது இரண்டு வழிகளைத் திறக்கிறது. அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தவருக்குக் குறைந்தது 12 மாதக் கடற்சேவை போதும். செய்த ஒவ்வொரு வேலையும் பயிற்சி ஏட்டில் மேலதிகாரியின் கையொப்பத்தோடு பதிவாக வேண்டும். அந்த வழியில் வராதவருக்கு 36 மாதக் கடற்சேவை. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் கானத்தூரில் படித்த இளைஞரின் திறமையைக் கிரேக்கக் கப்பல் முதலாளி முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அதே 1984இல்தான் மாமல்லபுரத்துச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பல்லவர் செதுக்கிய கல்லுக்கு உலகத்தின் காப்பு கிடைத்தது. அந்தக் கலையை இன்றும் கற்கிற கைகளுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

அந்தக் கைகளோ உலகெங்கும் வேலை செய்கின்றன. கல்லூரி 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியபோது பொறுப்பேற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் மகன் வை. கணபதி ஸ்தபதி 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். வள்ளுவர் கோட்டமும், 2000இல் குமரியில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையும் அவர் வகுத்தவை என்பதைத் தமிழ்நாடு அறியும். ஹவாயின் கவாய் தீவில் உள்ள இறைவன் கோயிலும் அவர் வகுத்ததுதான். அதற்கான கருங்கற்களைப் பெங்களூரில் 1990 முதல் உளியால் செதுக்கிக் கப்பலேற்றினார்கள். ஸ்தபதி 2011இல் மறைந்தார்; குடமுழுக்கு நடந்தது 2023இல். வகுத்தவர் போன பின்னும் 12 ஆண்டு வேலை தொடர்ந்தது என்றால், அந்த அளவுகள் ஒருவர் மனத்துக்குள் மட்டும் இருந்தவை அல்ல.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். சிற்பம் குருவிடம் நின்று கற்பது, அதற்குப் பொது அளவு எழுத முடியாது என்பார்கள். ஆனால் அளவை எழுதி வைத்த மரபு இது. மயமதமும் மானசாரமும் அளவு நூல்கள். உத்தம தசதாலம் என்ற உருவ அளவுமுறையில் உருவத்தின் உயரம் 124 தேகாங்குலம், அதாவது 124 சம பங்கு. முகம், மார்பு, முழங்கால் எல்லாம் அதன் பங்குகள். ஒரு சாண் சிலையானாலும் 20 அடிச் சிலையானாலும் விகிதம் மாறுவதில்லை. எந்த நாட்டு அலகையும் சாராத இந்த முறை கவாய்க்குப் போனபோது அதற்குத் திருத்தம் தேவைப்படவில்லை. கப்பல் ஓட்டுவதும் ஒரு காலத்தில் மூத்த மாலுமியின் அருகில் நின்று கற்றதுதான்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் இன்னொன்று உண்டு. விதி எழுதினால் பட்டமில்லாத பரம்பரைச் சிற்பிகள் வெளியே தள்ளப்படுவார்கள் என்ற அச்சம் அது. எனக்கு இந்த அச்சம் புரிகிறது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைத் தன் அட்டவணையில் உள்ள தகுதியோடு பதிவு செய்தவருக்கே உரியதாக்கியது. எழுதப்பட்ட விதி கதவை அடைக்கவும் கூடும். ஆனால் கடலுடன்படிக்கையின் இரண்டாவது வழி அதே ஆபத்துக்கு மாற்று. மாமல்லபுரத்துப் பட்டறையில் பத்து வயது முதல் உளி பிடித்தவரின் பணிக்காலத்தையும் கணக்கில் ஏற்கும் விதியை எழுதலாம். மறுபுறம், அரசுக் கல்லூரி செய்த பெரிய காரியத்தையும் மறக்கக் கூடாது. விசுவகர்மக் குடும்பங்களுக்குள் இருந்த கல்வியை எந்தச் சாதியில் பிறந்தவரும் பெண்களும் இடஒதுக்கீட்டோடு பெறக்கூடிய பட்டப்படிப்பாக அது மாற்றியது. பரம்பரைப் பெயரே சான்றாக இருக்கும் தொழிலில், அந்தப் பெயர் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத்தான் எழுத்துச் சான்று மிகவும் தேவை.

ஆகவே நான் கேட்பது பணி ஏடு ஒன்று. எந்தத் திருப்பணியில், யார் கீழ், எத்தனை மாதம். கல் தேர்ந்தாரா, நூல் பிடித்தாரா, பொளிந்தாரா, மூர்த்தியை முடித்தாரா என்பதைப் பொறுப்பு ஸ்தபதி கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் ஏடு. கல்லூரி இணைந்திருக்கும் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் அதை வகுக்க வேண்டும். அறநிலையத் துறையின் திருப்பணிகள் அதற்குக் களமாகும். அயல்நாட்டில் முதலில் அணுகத்தக்கது சிங்கப்பூரின் இந்து அறக்கட்டளை வாரியம். அது சட்டப்படி அமைந்த அமைப்பு. அதன் பொறுப்பில் உள்ள சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து சிற்பிகள் போய் வேலை செய்தார்கள். 12 ஆண்டுக்கு ஒரு முறை என்ற வழக்கப்படி அடுத்தது 2035இல் வரும். இப்போது வகுக்கத் தொடங்கினால், நான்காண்டுப் படிப்பை முடித்துச் சில ஆண்டுப் பணியையும் ஏட்டில் ஏற்றிய ஓர் அணி அதற்குள் ஆயத்தமாகிவிடும்.