சிஞ்ச்வட் ஏறாத பலகை: புனேயின் கால்பந்து அணிகளும் அவற்றின் பெயர்களும்

2007 முதல் 2019 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் புனே நகரின் நான்கு கால்பந்து அணிகள் தேசிய அளவிலான லீக்குகளில் ஆடின. இன்று நான்கும் இல்லை. அவற்றின் மறைவை நிதிக் கணக்குகளைக் கொண்டு விளக்குவதே வழக்கம். ஆயின் அவை சூடிய பெயர்களை அடுத்தடுத்து வைத்து நோக்கினால், ஓர் அணி யாருக்கு உரியது என்னும் தீராத வழக்கு அவற்றினூடே நடந்துவருவது புலப்படும்.

இந்தியக் கால்பந்தின் பழைய பெயர்கள் இடத்திலும் சமூகத்திலும் வேர்கொண்டவை. 1889இல் தோன்றிய மோகன் பகான், வட கல்கத்தாவின் ஒரு மாளிகைப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. 1891இல் முகமதன் ஸ்போர்ட்டிங் வந்தது. 1920இல் ஈஸ்ட் பெங்கால். கிழக்கு வங்கத்தாரின் பெருமிதத்தைச் சொல்ல வைக்கப்பட்ட அப்பெயர், பிரிவினைக்குப்பின் அகதிகளாக வந்தோருக்கு இழந்த மண்ணின் முகவரியாகவே மாறிற்று.

அடுத்த அடுக்கு ஆலைகளுடையது: ஜே.சி.டி., மஹிந்திரா, டெம்போ, சால்கோகர். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. லண்டனின் ஆர்சனல் வூலிச் ஆயுதச்சாலைத் தொழிலாளரிடம் பிறந்தது; நெதர்லாந்தின் பி.எஸ்.வி. என்பதில் முதலெழுத்து பிலிப்ஸ் நிறுவனத்தைக் குறிப்பது. வேறுபாடு ஒன்றுண்டு. ஆர்சனலின் பெயர் ஆயுதச்சாலையைக் கடந்து வாழ்கிறது. இங்கோ முதலாளியின் மனம் மாறிய நாளில் அணியும் முடிந்தது. மஹிந்திரா யுனைடெட் 2010இலும் ஜே.சி.டி. 2011இலும் கலைக்கப்பட்டன.

புனேயின் நான்கு அணிகள் இவ்விரு மரபுகளுக்கும் இடையில் நின்றவை. 2007இல் அசோக் பிராமல் குழுமம் தொடங்கிய அணி, உரிமையாளரின் பெயரை ஒதுக்கிவிட்டு ‘புனே எஃப்.சி.’ என்று மட்டும் அமைந்தது. 2012–13 ஐ-லீக்கில் இரண்டாமிடம் பெற்ற அவ்வணியின் அடக்கமான பெயர் நால்வரில் மிக நேர்மையானது எனலாம். ‘டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ்’ என்பதில் மராத்திய மன்னரின் பெயருக்கு முன்னே ஒரு கட்டுமானக் குழுமத்தின் முதலெழுத்துகள் ஏறி அமர்ந்தன. 2014இல் கல்யாணி குழுமம் தொடங்கிய ‘பாரத் எஃப்.சி.’ ஒரே பருவம் ஆடி விலகிற்று. அக்குழுமத்தின் தலையாய நிறுவனம் பாரத் போர்ஜ் ஆதலால், அப்பெயரில் நாடும் ஆலையும் ஒருங்கே ஒலித்தன. அதே ஆண்டு இந்தியன் சூப்பர் லீக்கில் இறங்கிய ‘எஃப்.சி. புனே சிட்டி’யின் சொல்லடுக்கோ ஐரோப்பிய வார்ப்பு. அதே லீக்கின் சென்னை அணி ‘சென்னையின்’ என்று ஆறாம் வேற்றுமை உருபோடு நின்று, தன்னை ஊரின் உடைமையாக அறிவித்துக்கொண்டது. தமிழிலக்கணம் ஒரு கால்பந்துச் சட்டையில் ஏறிய அரிய தருணம் அது.

இப்பெயர்கள் எவற்றிலும் சிஞ்ச்வட் இல்லை. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்தது முதல் பெருந்தொழிற்பகுதியாக வளர்ந்து, 1982இல் பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியாகவும் ஆன ஊர் அது. மொர்யா கோசாவியின் கோயிலும் சாபேகர் சகோதரர்களின் நினைவும் அதற்குத் தனி முகம் அளிக்கின்றன. எனினும் விளையாட்டுச் சந்தையில் அது ‘புனே’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. பெருநகரின் பெயர் விலைபோகும் இடத்தில், அதன் உழைப்பில் பாதியைத் தாங்கும் ஊரின் பெயர் பலகையில் ஏறுவதில்லை.

அண்டையிலுள்ள கஹுஞ்சே மைதானத்தில் பிறந்த வேறொரு பெயரோ நெடுந்தொலைவு பயணம் செய்தது. 2016இல் சஞ்சீவ் கோயங்காவின் குழுமம் ‘ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்ஸ்’ என்ற கிரிக்கெட் அணியை அமைத்தது. மறு ஆண்டே அது பன்மை விகுதியை உதிர்த்து ‘சூப்பர்ஜயன்ட்’ ஆயிற்று. அவ்வணி இரு பருவங்களோடு முடிந்தது, பெயர் முடியவில்லை. 2022இல் அது லக்னோவில் பன்மையாக மீண்டது.

அதற்கு முன்னரே, 2020இல், அதே குழுமம் தன் ஏ.டி.கே. அணியை மோகன் பகானின் கால்பந்துப் பிரிவுடன் இணைத்து ‘ஏ.டி.கே. மோகன் பகான்’ என்று பெயரிட்டிருந்தது. 1911இல் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என வென்ற கழகத்தின் முன்னே ஆறு வயதுள்ள அணியின் மூன்றெழுத்துகள் நிற்பதை ஆதரவாளர்கள் ஏற்கவில்லை. அவ்வெழுத்துகளை அகற்றக் கோரும் இயக்கம் மூன்று பருவங்கள் நீடித்தது. 2023 மார்ச்சில் அணி கோப்பை வென்ற இரவில் அவை நீங்கும் என்று கோயங்கா அறிவித்தார். மோகன் பகான் முன்னே வந்தது. அதன் பின்னே, புனேயில் முதலில் சூட்டப்பட்ட அந்த ‘சூப்பர் ஜயன்ட்’, இம்முறை ஒருமையில், ஒட்டிக்கொண்டது.