ரேகைப் பருமன்

கணினிச் சித்திர மென்பொருள்களில் பாதை எனப்படும் வளைவின்மீது இடப்படும் கோடு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனமாக இராமல், வேண்டிய இடத்தில் தடித்தும் வேண்டிய இடத்தில் மெலிந்தும் செல்லுமாறு அமைக்கும் முறையே ரேகைப் பருமன் மாற்றம் எனப்படும். பாதை என்பது கணித வளைவு. அதற்கு நீளமும் நெளிவும் உண்டேயன்றி அகலம் கிடையாது. அகலம் பின்னர் அதற்கு ஊட்டப்படுவது. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததனால் உண்டான சௌகரியம் பெரிதெனினும், கையால் தீட்டிய ரேகைக்குப் பிறப்பிலேயே வாய்த்திருந்த ஏற்றத்தாழ்வு அந்தப் பிரிவினையில் மறைந்துபோயிற்று. அதனைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொண்டதே இம்முறையின் சரித்திரம்.

கணினி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே செப்புத்தகட்டுச் சித்திரக்காரர்கள் இக்கலையில் கைதேர்ந்திருந்தார்கள். உளியைத் தகட்டில் ஆழ அழுத்தினால் பள்ளம் அகன்று மை மிகுதியாகத் தங்கும். அழுத்தம் தளர்ந்தால் கோடு மயிரிழையாக ஒடுங்கும். ஹார்லெம் நகரில் வாழ்ந்த ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் (1558–1617), புடைத்தும் ஒடுங்கியும் ஓடும் இத்தகைய ரேகைகளைக் கொண்டே தசையின் திரட்சியையும் துணியின் மடிப்பையும் காட்டினார். பிரெஞ்சுக் கலைஞர் கிளோட் மெல்லான் 1649ஆம் ஆண்டில் செய்த கிறிஸ்துவின் திருமுகச் சித்திரமோ, இத்திறனின் சிகரம் என்றே சொல்லத்தக்கது. மூக்கின் நுனியில் புறப்படும் ஒரே ரேகை சுருள் சுருளாக வெளிநோக்கி விரிந்து, குறுக்குக் கோடு ஒன்றுமின்றி, நிழல் வேண்டிய இடத்தில் தடித்தும் ஒளி வேண்டிய இடத்தில் மெலிந்தும், கண்ணையும் தாடியையும் முள்முடியையும் தானே உருவாக்கிவிடுகிறது. பாதை ஒன்றாகவே இருக்க, அதன் பருமன் மட்டும் மாறுவதனால் முழு உருவத்தையும் எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

கணினியில் வளைவு வந்து சேர்ந்தது மோட்டார் வாகனத் தொழிலின் வழியாக. சித்ரோன் கம்பெனியில் பால் டி காஸ்டல்ஜோவும், ரெனோ கம்பெனியில் பியர் பெஸியேயும், வாகனங்களின் வடிவத்தை வரையறுக்கத் தனித்தனியே வகுத்த வளைவுகளே, பெஸியேயின் பெயரால், இன்றைய பாதைகளுக்கெல்லாம் அடிப்படையாக நிற்கின்றன. வாகனத்தின் உருவத்தை வரையறுக்க வந்த அவ்வளைவுக்கு அகலம் தேவைப்படவில்லை. 1982இல் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் நிறுவிய அடோபி ஸ்தாபனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க வர்ணனை மொழி, பாதைக்கு அகலத்தை ஒரே எண்ணால் குறித்தது. அந்த எண் பாதை முழுவதற்கும் பொதுவானது. ஆயத்தளத்தை ஒரு பக்கமாக நீட்டிவிட்டால் பட்டைநிப்பு எழுத்தைப் போலத் திசைக்கேற்பக் கனம் மாறும் கோடு கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் பாதையின் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் கோட்டைத் தடிக்கச் செய்ய அதில் நேர்வழி இல்லை. 1987இல் வந்த அடோபியின் சித்திர மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் இந்த மொழியின் வாரிசாதலால், அக்குறையையும் உடன் பெற்றுக்கொண்டது. புடைத்த கோடு வேண்டிய ஓவியர், கோட்டின் இரு விளிம்புகளையும் தனித்தனியே வரைந்து நடுவில் வண்ணம் நிரப்ப வேண்டியிருந்தது.

ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் டொனால்ட் கனூத் இதற்கு மாறான வழியில் சென்றார். அச்செழுத்து வடிவங்களுக்காக 1977இல் அவர் தொடங்கி, 1984இல் புதுப்பித்து அமைத்த மெட்டாஃபான்ட், பேனா ஒன்று பாதையின்மீது நகர்வதாகவே எழுத்தைக் கருதியது. புள்ளிதோறும் பேனாவின் அகலத்தையும் சாய்வையும் குறித்துவிட்டால், இடைப்பட்ட பருமனைக் கணினியே வகுத்துக்கொள்ளும். பின்னாளில் பிரபலமான கருவிகளின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எனினும் அது கட்டளைகளை எழுதி இயக்க வேண்டிய மொழியாதலால், கண்ணால் பார்த்துக் கையால் இழுத்துப் பழகிய ஓவியரிடையே பரவவில்லை.

புள்ளிப் படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் தூரிகையை ஆதாரமாகக் கொண்டமையால், வேறோர் உபாயத்தைக் கைக்கொண்டன. ஃபோட்டோஷாப்பில் பாதையின்மீது தூரிகையை ஓட்டும்போது, அழுத்தத்தைப் பாவனை செய்யும் விருப்பத்தைத் தேர்ந்தால், கோடு இரு முனைகளிலும் கூர்ந்து நடுவில் தடிக்கும். பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கி 1996இல் வெளியான கிம்ப் மென்பொருளில், பாதைக்குக் கோடிடும் சாளரம் இரு வழிகளைக் காட்டுகிறது: ஒன்று, ஒரே அகலமான கோடு, மற்றொன்று, தூரிகை முதலிய கருவியைப் பாதைவழி ஓட்டுவது. இரண்டாவதில் தூரிகை இயக்கத்தைப் பாவனை செய்யும் கட்டத்தைக் குறியிட்டு, அளவை அழுத்தத்தோடு இணைக்கும் இயக்க அமைப்பை முன்கூட்டியே தேர்ந்துகொண்டால்தான் பருமன் மாறும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் கோடு பழையபடி ஒரே கனமாகவே விழும். 2012இல் வந்த 2.8 பதிப்பு, அழுத்தம், வேகம், திசை, சாய்வு, மங்குதல் ஆகியவற்றில் எது தூரிகையின் எந்தக் குணத்தை ஆள வேண்டும் என்பதைப் பயனரே வகுத்துக்கொள்ள இடம் தந்தது. ஆனால் இவ்வாறு விழுந்த கோடு புள்ளிகளின் கூட்டமே. பாதையைப் பின்னர் வளைத்தால் கோடு உடன் வளையாது.

அந்தக் குறை தீர்ந்தது பாதைச் சித்திர மென்பொருள்களில்தான். இத்திசையில், சியு சி சூவும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சித்திரத்தையே பாதையின்மீது வளைத்துப் போர்த்தும் முறையைக் காட்டியது. 2010இல் இல்லஸ்ட்ரேட்டரின் சிஎஸ்5 பதிப்பு அகலக் கருவியைக் கொணர்ந்தது. கோட்டின்மேல் விரும்பிய இடத்தில் அழுத்தி வெளிப்புறமாக இழுத்தால் அங்கே கோடு இருபுறமும் சமமாகப் புடைக்கும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் ஒருபுறம் மட்டும் புடைக்கும். பாதையோ தன் இயல்பு கெடாமல் உள்ளே நிற்கும். மற்றொரு பாதைச் சித்திர மென்பொருளான இன்க்ஸ்கேப்பின் பவர்ஸ்ட்ரோக் விளைவும் இதே பலனை அளிக்கிறது.

இணையச் சித்திரங்களின் பொது நியதியாக 2001இல் ஏற்கப்பட்ட எஸ்விஜி வடிவம், இன்றளவும் கோட்டுக்கு ஒரே அகலத்தையே அறியும். ஆகவே பருமன் மாறும் ரேகைகள் கோப்பில் சேரும்போது விளிம்புகளாக மாற்றப்பட்டே சேர்கின்றன. வளைந்த பாதைக்கு இணையாகச் செல்லும் விளிம்பு பொதுவாக மற்றொரு பெஸியே வளைவாக அமைவதில்லை. தோராயமாகவே பொருத்த வேண்டும் என்பதால் புள்ளிகளும் பெருகுகின்றன. அவ்வாறு மாறியபின் நடுப்பாதையைத் திரும்பப் பெறுதல் கடினமாதலால், இத்துறையில் பழகுவோர் விளிம்பாக மாற்றுமுன் மூலப் பாதையின் பிரதி ஒன்றைத் தனி அடுக்கில் பத்திரப்படுத்திக் கொள்வது நலம்.