மலேசியத் தமிழ்ச் சொல்லிசை: யாருடைய குரல்?

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைச் சங்க அறிக்கைகளிலும் மாநாட்டுத் தீர்மானங்களிலும் மட்டுமே தேடுவோர், அச்சமுதாயத்தின் இளைஞர் எதைப் பாடினர் என்று கேட்க மறந்துவிடுகின்றனர். தெம்மாங்கையும் ஒப்பாரியையும் இன்று ஆய்வுப் பொருளாகப் போற்றும் கல்வியுலகம், அவை பால்மரக் காட்டில் ஒலித்த காலத்தில் அவற்றைப் பொருட்படுத்தியதில்லை. முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அப்பாடல்களைத் தேடித் தொகுக்க முற்பட்டபோது, பாடியோரில் பலர் மறைந்துவிட்டிருந்தனர். அதே புறக்கணிப்பு இன்று மலேசியத் தமிழ் இளைஞரின் சொல்லிசைக்கும் நேர்ந்து வருகிறது. 'ராப்' என்றும் 'ஹிப் ஹாப்' என்றும் வழங்கும் இக்கலைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கால் நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாறு நெடுகிலும் ஒரு வினா விடாது எழுந்துகொண்டே இருக்கிறது. இது உண்மையில் யாருடைய குரல்?

இவ்வினாவின் வேர் இசையில் இல்லை. தோட்டத்து வாழ்வில் இருக்கிறது. கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், கோல லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ளது தெலுக் பங்லிமா காராங். லங்காட் ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள். ஆற்றுக்கு இப்பால் தொழிற்பேட்டையின் ஆலைகள். தோட்டத்துத் தமிழர் ஆலைத் தொழிலாளராக மாறிய கதையை ஒரே பார்வையில் காட்டும் ஊர் இது எனலாம்.

தோட்டத்தில் வீடு அமைந்த இடமே ஒருவரின் தகுதியைச் சொல்லியது. துரைக்கு மேட்டுப் பங்களா. கிராணிக்குத் தனி வீடு. தொழிலாளிக்கு லயத்து வீடு. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்றல் வேண்டும் என்பது அக்கால வழக்கம். 1941ஆம் ஆண்டில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்விழிவை ஒழிக்கவும் கோரினர். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அக்கோரிக்கைகளில் இடம்பெற்றன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நாதன் சிறைப்படுத்தப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். பேசுவதற்கு உரிமை கேட்ட வரலாறு இம்மண்ணுக்கு அன்றே உண்டு.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியோ வேறு வகைப்பட்டது. இரயில்வேப் பணியை ஒட்டி வளர்ந்த அவ்விடத்தில், தொழிலாளரோடு எழுத்தர்களும் ஆங்கிலம் கற்ற அலுவலர்களும் வாழ்ந்தனர். தமிழர் என்ற ஒரே பெயரின்கீழ் இரு வேறு உலகங்கள் இருந்தன. தோட்டத்துப் பேச்சை நகரத்தார் நகைத்தலும், நகரத்தாரின் ஆங்கிலத்தைத் தோட்டத்தார் ஐயத்தோடு நோக்குதலும் அந்நாளில் இயல்பாயின.

1980களிலும் 1990களிலும் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிலுக்கும் விற்கப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தோட்டத்தில் வறுமை இருந்தது; ஆயினும் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, திருவிழாவும் உருமி மேளமும் இருந்தன. அடுக்குமாடிக்கு வந்த இளைஞனுக்கு வறுமை மட்டும் உடன் வந்தது. துணை நின்றவை பின்தங்கிவிட்டன.

ஏறத்தாழ இதே போன்ற இடப்பெயர்ச்சியில்தான் ஹிப் ஹாப் கலையும் அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியை ஊடறுத்துப் போடப்பட்ட விரைவுச் சாலை பல்லாயிரவர் வீடுகளைப் பறித்தது. சிதைந்த அப்பகுதியில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இசை விருந்து நடத்தினார். பழைய இசைத்தட்டுகளில் தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை அவர் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தார். அத்தாளத்தின்மீது பின்னர்ப் பேச்சு ஏறியது. இசைக்கருவி வாங்கப் பொருளற்றவர், பெற்றோரின் இசைத்தட்டையே கருவியாக்கிக்கொண்டனர்.

இனி, மலேசிய வரலாற்றின் ஒரு முரணைக் காணலாம். ஏழையரின் கலையாகப் பிறந்த இது, மலேசியத் தமிழரிடையே தோட்டத்து மொழியின் வழியாக முதலில் வரவில்லை. நகரத்து ஆங்கிலத்தின் வழியாகவே வந்தது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லாண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகியோர் இணைந்த 'பொயட்டிக் அம்மோ' குழு 1998ஆம் ஆண்டில் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலமே அதில் முதன்மை பெற்றது. மலாய், தமிழ், காண்டனீசு ஆகியவையும் இடம்பெற்றன. பல இனத்தார் வாழும் நாட்டின் நகர இளைஞர்க்கு அது பொருந்திய குரலாக அமைந்தது. ஆயின் அடுக்குமாடியில் வாழ்ந்த, தமிழ்ப்பள்ளியில் பயின்ற இளைஞனுக்கு அது அண்டை வீட்டு விருந்தாகவே இருந்திருக்கும். தாளம் அவனை அழைத்தது. மொழி தூர நிறுத்தியது.

அத்தூரத்தைக் குறைத்தது 2006ஆம் ஆண்டில் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோர் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்ற பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு. அதில் முழுமையும் தமிழே முன் நின்றது. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலை அடித்தளமாகக் கொண்ட சொல்லிசை, மலேசியாவைக் கடந்து தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் பரவியது. வாய்ப்புக்கு ஏங்கும் இசைக்கலைஞன் ஒருவனின் கனவாகவே மூலப்பாடல் திரையில் அமைந்திருந்தது. அதே ஏக்கத்தைக் கால் நூற்றாண்டுக்குப் பின் மலேசிய இளைஞர் தமதாக்கிக்கொண்டனர்.

திரைப்பாடலின் புகழைக் கடன் வாங்கியே இவர்கள் பெயர் பெற்றனர் என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் ஒரு பாதியே உண்மை. பிராங்ஸ் இளைஞர் பெற்றோரின் இசைத்தட்டை எடுத்தாண்டது போலவே, கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர் தந்தையர் கேட்ட ஒலிநாடாவை எடுத்தாண்டனர். தோட்டத்து வீட்டிலும் நகரத்து வீட்டிலும் ஒருங்கே ஒலித்தது இளையராஜாவின் இசை. பிரிந்து கிடந்த இரு வகுப்பாருக்கும் பொதுவாயிருந்த நினைவு அது. அந்நினைவின்மீது புதுத்தாளத்தை ஏற்றியமையால்தான், பொயட்டிக் அம்மோவுக்கு எட்டாத கூட்டம் நட்சத்திராவுக்கு எட்டியது. கலையின் செறிவைக் குறைத்து அவர்கள் மக்களை அடையவில்லை. மக்கள் நின்ற இடத்திற்குக் கலையைக் கொண்டு சென்று அடைந்தனர்.

புகழ் வந்ததும் புதுச் சிக்கல் வந்தது. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. அவர்களை மட்டும் நம்பித் தமிழ்க் கலைஞர் வாழ்தல் அரிது. ஆகவே சென்னைத் திரையுலகின் வாயில் திறந்தபோது அவர்கள் அதில் நுழைந்தனர். 2007ஆம் ஆண்டின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர் கதையாக வந்த 'கபாலி'யிலும், 2018ஆம் ஆண்டின் 'காலா'விலும் மலேசியச் சொல்லிசைஞர் பங்கேற்றனர். இது பெருமைக்குரியதே. எனினும் திரைப்படத்தில் கதைத்தலைவனின் வீரத்தை உரைக்கவே சொல்லிசை வேண்டப்படுகிறது. அடுக்குமாடியின் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும், வேலை தேடி அலையும் இளைஞனின் களைப்பையும் அங்கே சொல்ல இடமில்லை. கூட்டம் பெருகப் பெருக, சொல்வதற்குரிய செய்தி சுருங்கும் இடர் இதில் உண்டு.

இதற்கு எதிர்முனையில் வேறோர் இடர் நிற்கிறது. 'உண்மைத் தன்மை' என்ற பெயரால் குண்டர் வாழ்வைப் பாடுவதே அது. 2013ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றில் இந்திய இளைஞர் மிகுந்திருந்தமை சமுதாயத்தை வருத்தியது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்துச் சிறுவன் அவ்வுலகின்பால் ஈர்க்கப்படும் வகையை, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' திரைப்படம் 2015ஆம் ஆண்டில் பழிதூற்றாமலும் புகழாமலும் காட்டியது. அடுத்த ஆண்டு அது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. துன்பத்தைச் சொல்லுதல் வேறு. துன்பத்தை அணிகலனாக்கி விற்றல் வேறு. சொல்லிசையில் இவ்விரண்டும் ஒரே தாளத்தில் வருவதால், கேட்போர் பிரித்தறிதல் வேண்டும்.

அவ்வாறாயின், உண்மைக் குரலை எதனால் அளப்பது? பிறப்பாலா? தோட்டத்தில் பிறந்தவனே தோட்டத்தைப் பாடலாம் எனின், தமிழுக்கு வழி திறந்த நகரத்துக் கலைஞர் அனைவரும் விலக்கப்படுவர். கேட்போர் எண்ணிக்கையாலா? எனின், விளம்பரப் பாட்டே தலைசிறந்த பாட்டாகிவிடும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய 'என்ஜாய் எஞ்சாமி' இவ்வகையில் நல்ல பாடம் தருகிறது. அதை எழுதிப் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அப்பாட்டில் வைத்தார். பாட்டு புகழடைந்த பின், இசை இதழ் ஒன்றின் அட்டையில் அவர் உருவம் இடம்பெறாமற்போனது கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பின்னர் அவ்விதழ் அவரை அட்டையில் இட்டது. கூட்டம் பாட்டை ஏற்றுக்கொண்ட வேகத்தில், பாட்டுக்குரியவர் மறக்கப்படலாம் என்பதே அதன் பாடம்.

எனவே அளவுகோல் ஒன்றே. எவருடைய வாழ்வைப் பாட்டு எடுத்துக்கொண்டதோ, அவர் முன் நின்று பாடும்போது நாணாமல் பாட இயலுமா? இயலுமாயின் அது உண்மைக் குரல். பாடுவோன் பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்தவனாயினும், தெலுக் பங்லிமா காராங்கைச் சேர்ந்தவனாயினும் வேறுபாடில்லை.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்கு உண்டு. ஆங்கிலச் சொல்லிசை அடியிறுதி ஒலியொப்புமையைப் பெரிதும் நம்புகிறது. தமிழில் அதனை இயைபு என்பர். வினைமுற்று விகுதிகள் ஒத்திருப்பதால் தமிழில் இயைபு எளிதில் கிட்டும். எளிதில் கிட்டுவதனாலேயே விரைவில் சலிக்கும். அடி எதுகையும் சீர் மோனையும் கற்ற மாணவனுக்கு அச்சலிப்பு நேராது. அருணகிரிநாதரின் சந்தத்தைக் கையால் தட்டிப் படித்தவன், நான்கு எண்ணிக்கையுள்ள தாளத்தில் குறிலையும் நெடிலையும் எங்கே நிறுத்துவது என்பதைத் தானே அறிவான். யாப்பு பழமையானது, சொல்லிசை புதியது என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துதல் மாணவனுக்கு இரண்டையும் இழப்பாக்கும்.

பின்வரிசையில் அமர்ந்து மேசையில் தாளமிடும் மாணவனை அடக்குதல் எளிது. அவன் தாளத்திற்கு எதுகை காட்டிக் கொடுத்து, அவன் வீட்டார் பேசும் சொற்களை இழிவென்று ஒதுக்காமல், 'உன் தாத்தா வேலை செய்த தோட்டம் எது?' என்று கேட்பது சற்றே கடினம். 1941ஆம் ஆண்டில் பேச்சுரிமை கேட்டவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று பேசத் தொடங்கியுள்ளனர். அவர்கள் நன்றாகப் பேசுவதற்கு வேண்டிய தமிழை வழங்குதல் பள்ளியின் கடமையாகும்.