பட்டாக்காரரும் பயிரிடுவோரும்

நிலம் ஊரில், குடியிருப்பு கோவண்டியில். நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய நிலை இதுதான். நாலு பேர் கூடினால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "உங்களுக்கு அந்த ஆறாயிரம் வருதா?"

பி.எம். கிசான் என்னும் அந்த உதவித்தொகை 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேரே வங்கிக் கணக்கில். முதலில் இரண்டு எக்டேர் வரை உள்ளவர்க்கு மட்டும் என்றார்கள். அதே ஆண்டிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவருக்குக் கிடையாது. நான் கட்டுகிறவன், எனக்கு வராதது நியாயந்தான். ஆனால் என் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கும் வராது, பட்டா அவர் பேரில் இல்லையே!

இது இன்றைக்கு நேற்று முளைத்த சிக்கல் அன்று. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் காராண்மை, மீயாட்சி என்று இரண்டு சொற்கள் வரும். காராண்மை என்பது உழுது பயிரிடும் உரிமை. மீயாட்சி அதற்கு மேலான உரிமை. கோயிலுக்குத் தேவதானமோ, சமணப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமோ கொடுத்தால், அந்நிலத்துக் குடிகளின் உரிமை என்னாகும் என்ற கேள்வி உடனே எழும். அதனால்தான் 'குடிநீக்கி' என்றும் 'குடிநீங்கா' என்றும் பிரித்து வெட்டி வைத்தார்கள். குடிகளை விலக்கிக் கொடுத்ததும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனாலும் உழுகிறவன் என்று ஒருத்தன் இருப்பது கல்லுக்குத் தெரிந்திருந்தது.

கும்பினியார் காலத்தில் தாமஸ் மன்றோ முதலியோர் நிலைநாட்டிய ரயத்துவாரி முறையில் சர்க்கார் தேடியது கிஸ்தி கட்டுபவனைத்தான். அவன் பேரில் பட்டா. நில மேம்பாட்டுக்கு 1883-லும், விதை, மாடு வாங்க 1884-லும் சட்டம் போட்டுத் தக்காவி கொடுத்தார்கள். அது கடன், வரிப் பாக்கி மாதிரியே வசூலாகும். இன்றைய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் பெறுகிறவர் யார் என்று பார்ப்பதற்கு அந்தப் பழைய கிஸ்திக் கணக்கின் வாரிசான பட்டாவைத்தான் புரட்டுகிறார்கள்.

உழுகிறவர் பேரை எழுதச் சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தன. இருந்தும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் எங்கும். பதிந்து கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரருக்குப் பயம். ஊரை விட்டு வந்த நம்மாட்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு.

சரி, பட்டா கேட்பதால் ஏமாற்றாவது நின்றதா? 2020-இல் அலுவலகக் கடவுச்சொற்கள் தரகர் கைக்குப் போய், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர் முதலான மாவட்டங்களில் தகுதியற்றவர் பேர்கள் ஏறின. அரசே சொன்ன கணக்கு: 110 கோடி ரூபாய்க்கு மேல். அப்போது நிஜமாகக் குத்தகை உழுதுகொண்டிருந்தவருக்கு இரண்டாயிரம் இல்லை.

ஒடிசா 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் குத்தகை உழவரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்தது. பட்டா இல்லாதவருக்குக் கொடுக்க வழியே இல்லை என்பாரிடம் இதைச் சொல்லலாம்.