ஈயும் உறவு மணமும்

பரவைக் காய்கறிச் சந்தையில் கனிந்து அழுகிய தக்காளிக் குவியலின் மேல், எள்ளளவே உள்ள சிற்றீக்கள் செந்நிறக் கண்களுடன் வட்டமிடுவதைக் கண்டிருப்பீர்கள். கையால் விசிறிவிட்டு நடந்துவிடுகிறோம். நம் நாட்டுத் திருமண வழக்கம் ஒன்றைப் பற்றி அந்த ஈயிடம் கேட்கலாம் என்றால் நகைப்பீர்கள். ஆயினும் கேட்டவர் உண்டு.

அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், வில்லியம் காசில் என்னும் அறிஞர் 1901-இல் இந்தப் பழ ஈயை வளர்க்கத் தொடங்கினார். முட்டை ஈயாக மாறப் பத்து நாட்களே போதும். மனித குலம் ஆயிரம் ஆண்டுகளில் காணும் தலைமுறைகளை இங்கே ஓரிரண்டு ஆண்டுகளில் கண்டுவிடலாம். அவரும் அவருடைய மாணவர்களும் உடன்பிறந்த ஈக்களையே இணைசேர்த்து, 59 தலைமுறைகள் வரை கொண்டுசென்றனர். 1906-இல் முடிவு வெளிவந்தது. குஞ்சுகளின் தொகை ஓரளவு குறைந்தது. ஆனால் குலம் அழியவில்லை. வளமிக்க ஈக்களையே பொறுக்கி எடுத்து வளர்த்தபோது, உள்ளினச் சேர்க்கையிலும் வளம் நிலைத்தது. தனித்தனியே வளர்ந்த இரு குலங்களைக் கலந்தபோதோ, வளம் மீண்டும் பெருகியது.

காரணம் யாது? உயிர்கள் ஒவ்வொன்றும் சில குறைகளை மறைவாகச் சுமக்கின்றன. தாய்வழி வந்த மரபணு பழுதானால், தந்தைவழி வந்தது அதை மூடிக்கொள்ளும். உறவினர் மணந்தால், ஒரே மூதாதையின் பழுது இருபுறமும் வந்து சேரக்கூடும். அவ்வாறு ஒரே மரபணு இருவழியும் வந்து சேரும் வாய்ப்பு, உடன்பிறந்த ஈக்களின் குஞ்சுக்கு நான்கில் ஒன்று. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால், அவர்கள் குழந்தைக்கு எட்டில் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால் பதினாறில் ஒன்று.

அப்படியானால் தமிழ்க் குடும்பங்களில் மகப்பேறு குன்றியிருக்க வேண்டுமே! வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகிய இருவர் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, 1977-இலும் 1979-இலும் கட்டுரைகள் வெளியிட்டனர். உறவில் மணந்தோரிடையே கருவளம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை. பல நூற்றாண்டுகளாக இவ்வழக்கம் நிலவியதால், கொடிய பழுதுகள் சில முன்னமே கழிந்துபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். காசிலின் ஈக்களை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. ஆனால் இதைக் கொண்டு, "ஆகவே தீங்கில்லை" என்று எவரும் சொன்னால் நான் உடன்படேன். பிறந்த குழந்தைகளின் தொகை வேறு. அவர்களின் நலம் வேறு. பிறவிச் செவிடு, சில விழித்திரை நோய்கள் போன்றவை உறவு மணத்தில் மிகுதியாகவே தோன்றுகின்றன.

என் பாட்டனார் மணந்தது தம் அக்காள் மகளை. ஆகவே இக்கணக்கை முதலில் எங்கள் வீட்டுக்கே போட்டுப் பார்த்தேன். என் தந்தையாருக்கு எட்டில் ஒன்று. என் தாயாரோ உறவில்லாத குடும்பத்துப் பெண். அந்த ஒரு மணத்தால், என் அளவில் அந்தப் பங்கு பூஜ்யமாயிற்று.