காப்பிக்கொட்டையும் காட்டின் கணக்கும்

பிழைப்பின் பொருட்டு எந்த மாநிலத்திற்குச் சென்று குடியேறினாலும் காலைக் காப்பியை நாம் கைவிட்டதில்லை. ஆயினும் அக்கொட்டை எந்த நிலத்தில் விளைந்தது, அந்நிலம் முன்னர்க் காடாக இருந்ததா என்று நாம் கேட்டதுமில்லை. அக்கேள்வியை இன்று ஐரோப்பா கேட்கிறது. அது பிறந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1834-ஆம் ஆண்டில் குடகு நாடு ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. பின்னர் வெள்ளையர் அங்கே பெருங்காப்பித் தோட்டங்களை அமைக்கலாயினர். காட்டை வெட்டி, எரித்து, நிழலின்றிச் செடி நட்டவர் பலர். அம்மலைத் தோட்டங்களில் உழைத்தவருள் தமிழரும் இருந்தனர். 1860-களில் தண்டைத் துளைக்கும் புழு தோன்றித் தோட்டங்களைப் பாழாக்கியது. ஜார்ஜ் பிடி என்னும் மருத்துவர் இதனை ஆராய்ந்து 1869-இல் அறிக்கை அளித்தார். நிழல் இழந்த செடிகளே பெரிதும் துன்புற்றன என்பது தெளிவாயிற்று. மர நிழல் தோட்டங்களுக்குத் திரும்பியது. பட்டறிவு தந்த பாடம் அது.

அக்காலத்தில் காட்டைக் காக்கும் முயற்சி அரசினுடையதாகவே இருந்தது. சென்னை மாகாணக் காடுகளுக்கு 1856-இல் கிளெகார்ன் என்பார் காப்பாளராக அமர்த்தப்பட்டார். கடல் கடந்து பொருள் வாங்கியவரோ விலையையும் தரத்தையும் அன்றி வேறொன்றும் வினவவில்லை.

அந்நிலை மாறியது அண்மையில்தான். அமேசான் காட்டை அழித்த நிலத்தில் விளையும் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் பிரேசில் நாட்டுப் பெருவணிகர் உடன்பட்டனர். களவாக வெட்டிய மரத்தின் வாணிகத்தை அமெரிக்கா 2008-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2010-இலும் சட்டத்தால் தடுத்தன. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. மாடு, கோக்கோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், இவற்றிலிருந்து ஆகும் குறிப்பிட்ட பொருள்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்தவையாயின் அங்கே விற்கலாகாது. விளைந்த நாட்டின் சட்டத்திற்கும் அவை இணங்கியிருத்தல் வேண்டும்.

இதற்கு நிறுவனங்கள் ஆயத்தமாவது எங்ஙனம்? விளைநிலம் ஒவ்வொன்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்தல் முதற்பணி. நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாயின் அதன் எல்லை முழுவதையும் வரைதல் வேண்டும். பல சிறு விவசாயிகளின் கொட்டை தரகரிடம் ஒரே குவியலாகி, பதனிடும் ஆலையை அடைவது வழக்கம். குவியலில் கணக்கில்லாத ஒரு மூட்டை கலந்தாலும் முழுச்சரக்கும் ஐயத்துக்கு உள்ளாகும். எனவே மூட்டைதோறும் மூலம் எழுதி, கலவாது காத்தல் வேண்டும். இந்தியா குறைந்த இடருடைய நாடென 2025 மே மாதத்தில் வகைப்படுத்தப்பட்டது. அதனால் சோதனை எளிதாகும். நிலக்குறிப்பு வேண்டாமென்று ஆகாது. இச்சட்டம் இருமுறை ஒத்திவைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30-உம், சிறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு 2027 ஜூன் 30-உம் தொடக்க நாள்கள்.

இங்கேதான் நம் கவலை எழுகிறது. நம் நாட்டுக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலமுடையவர். குடகில் பாகம் பிரியாத குடும்ப நிலங்கள் மூத்தோர் பெயரிலேயே நிற்பதுண்டு. பத்திரக் குறை ஒன்றால், ஒரு மரத்தையும் வெட்டாத விவசாயி சந்தையை இழக்க நேரலாம். பெருந்தோட்டத்தாருக்கு எழுத்தர் உண்டு, கருவி உண்டு. ஏழைக்கு யார் உண்டு? 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற காப்பி வாரியமும், கூட்டுறவுச் சங்கங்களும், கொட்டையை வாங்கும் நிறுவனங்களுமே அவருக்குத் துணையாதல் வேண்டும். நிலத்தை அளக்கும் செலவை வாங்குபவரும் பகிர்ந்துகொள்வதே முறை.

காட்டின் கணக்கைக் கேட்பது நியாயம். அன்று காட்டை அழித்து ஈட்டிய செல்வம் கடல் கடந்து சென்றது. இன்று காட்டைக் காக்கும் செலவு முழுதும் மலைச்சரிவுச் சிறு விவசாயியின் தலையில் விழலாகாது.