கோட்டையும் கச்சேரியும்

ஒரு ராணுவம் சொந்த நாட்டின் சர்க்காரைக் கவிழ்த்துவிட்டு அதிகாரத்தில் உட்கார்ந்துகொள்வதை நம் தினசரிகள் ‘ராணுவப் புரட்சி’ என்று எழுதுகின்றன. சில தளபதிகள் ஓர் இரவில் ரேடியோ நிலையத்தையும் தந்தி ஆபீஸையும் பிடித்துக்கொள்வதில் புரட்சி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சொல் பிசகினால் காரியத்தை அடையாளம் காண்பதும் பிசகுகிறது. டாங்கி, ஊரடங்கு, மார்ஷல் லா என்று ஒரு சித்திரம் நம் மனசில் பதிந்துபோயிருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் அதே காரியம் நடந்தால் நமக்குத் தெரியாமலே போய்விடும். ஒருமுறை அப்படிப் போயும் இருக்கிறது என்பது என் கட்சி.

நிலைத்துவிட்டதாகக் கருதப்படும் ஜனநாயகத்தில், யுத்த காலத்தில், ராணுவம் ஆட்சியைப் பிடிப்பது சாத்தியமா? சாத்தியம் என்பதற்கு பிரான்ஸ் சாட்சி. அல்ஜீரிய யுத்தம் நான்காவது வருஷத்தை எட்டியிருந்த 1958 மே மாதம், அல்ஜியர்ஸில் இருந்த தளபதிகள் பாரீஸ் சர்க்காருக்குப் பணிய மறுத்தார்கள். பாராசூட் துருப்புகள் கார்ஸிகாத் தீவைப் பிடித்தன. ஜூன் முதல் தேதி பிரெஞ்சு நாடாளுமன்றம் தானே டி காலிடம் அதிகாரத்தை ஒப்படைத்தது. ஆனால் 1961 ஏப்ரலில் இன்னும் சில தளபதிகள் அதே காரியத்தை டி காலுக்கு எதிராகச் செய்யப் பார்த்தபோது, நாலைந்து நாளில் அது பிசுபிசுத்துவிட்டது. கட்டாய ராணுவ சேவையில் இருந்த பையன்கள் டிரான்சிஸ்டரில் டி காலின் பேச்சைக் கேட்டுவிட்டுத் தளபதிகளுக்கு ஒத்துழைக்க மறுத்தார்கள். தளபதியின் விருப்பம் மட்டும் போதாது, கீழே கீழ்ப்படிகிறவன் வேண்டும் என்பது இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1958 அக்டோபரில் பாகிஸ்தானில் அயூப் கான். 1962 மார்ச்சில் பர்மாவில் நே வின். இரண்டுக்கும் நடுவில், 1962 ஜனவரி 27-ந் தேதி இரவுக்கு இலங்கையில் சில ராணுவ, போலீஸ் அதிகாரிகள் நாள் குறித்திருந்தார்கள். அவர்களில் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லோரும் உண்டு. உள்ளேயிருந்தே விஷயம் கசிந்ததால் காரியம் தொடங்குமுன்பே முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. சதிகாரர்களைத் தண்டிப்பதற்கென்றே இலங்கை நாடாளுமன்றம் முன்தேதியிட்டு ஒரு விசேஷச் சட்டம் இயற்றியது. பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தனை தண்டனைகளையும் ரத்து செய்தது. நீதிமன்றத்தின் வேலைக்குள் நாடாளுமன்றம் கை நீட்டிவிட்டது என்பது காரணம். சதி செய்தவர்கள் அரசியல் சட்டத்தைத் தொடக்கூட முடியவில்லை. சதியை ஒடுக்கக் கிளம்பியவர்கள்தான் அதை மீறினார்கள்.

இந்தச் சூழலில், அதே 1962 அக்டோபர் 20-ந் தேதி சீன யுத்தம் வந்தது. இந்தியாவில் ராணுவ ஆட்சிக்கு ஒரு தருணம் இருந்திருக்குமானால் அது இந்த ஒரு மாதம்தான். ராணுவத்துக்கு மனக்குறை இருந்தது. 1959-லேயே ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகாமல் தளபதி திம்மய்யா ராஜினாமா எழுதிக் கொடுத்து, நேரு சொன்னதன் பேரில் வாபஸ் வாங்கியிருந்தார். அதோடு இப்போது அவமானகரமான தோல்வி. ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. ராணுவத்தின் ஒழுங்கு அப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பர் 8-ந் தேதி நாடாளுமன்றம் கூடி யுத்தத்தைப் பற்றி விவாதித்தது. அதற்கு முதல் நாள் மேனன் மந்திரிசபையை விட்டே போயிருந்தார். அவரைப் போகவைத்தவர்கள் காங்கிரஸ் எம்.பி.க்களே. சிப்பாயின் கோபம் வெளியேற அரசியலுக்குள்ளேயே ஒரு வாசல் இருந்தது. தோல்வியில் தளபதிகளுக்கும் பங்கு இருந்தது. நவம்பர் 19-ந் தேதி தாப்பர் ராஜினாமா செய்தார். தோற்ற தளபதி தலைநகரை மீட்பவனாக வேஷம் கட்ட முடியாது. யுத்தமும் ஒரே மாதத்தில் நின்றுவிட்டது. பிரான்ஸைப் போல வருஷக்கணக்கில் இழுத்துப் புரையோட நேரமில்லை.

இருந்தும் சந்தேகம் போகவில்லை. நேரு மறைந்த 1964 மே மாதம், இறுதி ஊர்வலக் கூட்டத்தைச் சமாளிக்க டில்லிக்குத் துருப்புகள் வரவழைக்கப்பட்டதையே சிலர் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். 1967-ன் தொடக்கத்தில், பொதுத் தேர்தலுக்குச் சற்று முன், லண்டன் டைம்ஸின் டில்லி நிருபர் நெவில் மாக்ஸ்வெல் இந்திய ஜனநாயகம் சிதைந்துகொண்டிருக்கிறது என்றும், இதுவே கடைசிப் பொதுத் தேர்தலாக இருக்கும் என்றும், ராணுவத்தின் கைக்கு அதிகாரம் போய்ச் சேரும் என்றும் எழுதினார்.

அவர் ஜோஸ்யம் சொன்ன ராணுவத்துக்கு அப்போது தலைமைத் தளபதி நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயனின் மகன் ஜெனரல் பி. பி. குமாரமங்கலம், 1966 ஜூனிலிருந்து 1969 ஜூன் வரை. ஈட்டனிலும் வுல்விச்சிலும் படித்தவர். 1942-ல் லிபியப் பாலைவனத்தில் ஜெர்மானியரோடு சண்டையிட்டுப் போர்க் கைதியானவர். அந்த வருஷம் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் வீழ்ந்தது, தி.மு.க. வந்தது. வடக்கே பல ராஜ்யங்களிலும் காங்கிரஸ் ஆட்சி இழந்தது. ஜெனரல் பாசறையில் இருந்தார், தவணை முடிந்ததும் ஓய்வு பெற்றார். மாக்ஸ்வெல்லின் ஜோஸ்யம் பொய்த்துவிட்டது என்று நாம் மெச்சிக்கொள்ளலாம். அவர் தப்பான வாசலைக் காவல் காத்தார் என்பது என் எண்ணம். நாமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.

சரியான வாசல் எது என்று பார்க்க இந்தச் சமவெளியின் பழைய சரித்திரத்துக்குப் போகவேண்டும். சேலத்திலிருந்து ஈரோட்டுக்குப் பஸ்ஸில் போகிறவன் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்காமல் போக முடியாது. நாமக்கல்லில் ஊர் நடுவே பாறைமேல் இன்னொரு கோட்டை. இங்கே ராணுவ ஆட்சி உண்மையாகவே நடந்திருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தபோது, நிர்வாகம் பண்ண வந்தவர்கள் பட்டாளத்துக்காரர்கள்: காப்டன் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே மன்றோ, மாக்லியோட், கிரஹாம். நிலத்தை அளந்தார்கள், ரயத்தோடு நேரே தீர்வை பேசினார்கள், ரயத்வாரி முறைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1799-ல் திப்பு விழுந்த பிறகு கோட்டைகளுக்கு மெல்ல மெல்ல வேலையில்லாமல் போயிற்று. காப்டன் ஏற்படுத்திய கச்சேரி மட்டும் நிலைத்தது. கோட்டையில் துருப்பு வைத்து வாங்கவேண்டிய கீழ்ப்படிதலை, கச்சேரியில் ஒரு தாசில்தாரும் ஒரு தஸ்தாவேஜும் சுளுவாக வாங்கிவிட முடியும் என்பதைக் கும்பினியார் கண்டுகொண்டார்கள். நாம் சுதந்திரத்தோடு சுவீகரித்த யந்திரம் இதுதான்.

அந்த யந்திரத்துக்குச் சிப்பாய் தேவைப்படவில்லை என்பதற்குச் சேலத்திலேயே அத்தாட்சி உண்டு. 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் மத்திய சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இருபத்திரண்டு பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். குடியரசு பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. வாழும் உரிமையைப் பற்றிய ஷரத்தில் மை காய்ந்திருக்காது. சுட்டது ராணுவமல்ல. நாடாளுமன்றமும் கோர்ட்டும் பத்திரிகைகளும் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தன.

இப்போது 1962-ஐ மறுபடியும் பார்க்கலாம். யுத்தம் அக்டோபர் 20-ல் ஆரம்பித்து நவம்பர் 21-ல் நின்றது. அக்டோபர் 26-ல் பிரகடனம் செய்த அவசர நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. ஒரு மாத யுத்தத்துக்கு ஐந்து வருஷத்துக்கும் மேலான அவசரம்! மாக்ஸ்வெல் கடைசித் தேர்தல் என்று சொன்ன அந்த 1967 தேர்தலே அவசர நிலைக்குள்தான் நடந்தது. அது நம் நினைவில்கூட இல்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கம்யூனிஸ்டுகளை விசாரணையின்றி உள்ளே போட்டார்கள். 1965-ல் ஹிந்தி எதிர்ப்பின்போதும் அதே விதிகள் கைகொடுத்தன. 1963-ல் பதினாறாவது திருத்தம் வந்து பிரிவினை பேசுகிறவனுக்குத் தேர்தலில் நிற்க வழியில்லாமல் செய்தது. தி.மு.க. திராவிட நாட்டைக் கைவிட்டது. அது விவேகமா, நிர்ப்பந்தமா என்ற சர்ச்சை வேறு. ஒரு பெரிய கட்சியின் மூலக் கொள்கையையே கைவிடவைக்க ஒரு சிப்பாய்கூட வேண்டியிருக்கவில்லை.

1971 டிசம்பர் 3-ல் மறுபடியும் யுத்தம், மறுபடியும் அவசர நிலை. யுத்தம் பதினான்கு நாளில் முடிந்தது, பிரகடனம் முடியவில்லை. 1975 ஜூன் 25 இரவு ஜனாதிபதி இரண்டாவது பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது முதல் பிரகடனம் அமலில்தான் இருந்தது. மந்திரிசபைக்கு விஷயமே மறுநாள் காலையில்தான் தெரியும். விடிவதற்குள் தலைவர்கள் கைது, டில்லிப் பத்திரிகைகளுக்கு மின்சாரம் இல்லை. ராணுவம் பாசறையை விட்டு நகரவே இல்லை. ஓர் இரவு, சில பேர், தலைவர்கள் கைது, செய்தி நிறுத்தம்: இலக்கண சுத்தமான அதிகாரக் கைப்பற்றல் இது. காக்கியும் டாங்கியும் இல்லாததால் அந்தப் பெயரை நாம் கொடுக்கவில்லை. ஜில்லா ஜில்லாவாகக் கலெக்டர்கள் உத்தரவை வாங்கி முத்திரையைப் பார்த்தார்கள். முத்திரை சரியாக இருந்தது.

குமாரமங்கலம் குடும்பத்தை நான் இழுத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த வீடு இந்திய அதிகாரத்தின் ஒரு சிற்றுருவம். தகப்பனார் சுப்பராயன் 1926-லிருந்து 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி, 1947-48-ல் உள்துறை மந்திரி. மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் எம்.பி. ஒரு மகன் ஜெனரல். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், கம்யூனிஸ்ட் வக்கீலாக இருந்து பிறகு இந்திரா காந்தியின் மந்திரியானவர். 1973-ல் மூன்று நீதிபதிகளைத் தாண்டி ஏ. என். ராய் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, அதற்கு லோக்சபையில் நியாயம் சொன்னவர் மோகன். அடுத்த மாதமே விமான விபத்தில் மாண்டுபோனார். 1976 ஏப்ரலில், விசாரணையின்றிச் சிறையில் கிடப்பவன் அவசர நிலையில் கோர்ட்டின் கதவைத் தட்ட முடியாது என்று நாலுக்கு ஒன்றாகத் தீர்ப்புச் சொன்ன பெஞ்சுக்குத் தலைமை வகித்தவர் அதே ராய். மோகனின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. சமுதாய மாற்றத்துக்குக் கோர்ட் குறுக்கே நிற்கிறது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். ஆனால் மாக்ஸ்வெல் கவனிக்கவேண்டியிருந்த சகோதரர் இவர்தான். டாங்கிப் படைகளையெல்லாம் வைத்திருந்தவர் அரசியல் சட்டத்தில் ஒரு கீறல்கூட விழவிடாமல் வீட்டுக்குப் போனார். சட்டப் புத்தகம் வைத்திருந்தவரின் வாதம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதைப் பார்க்க அவரே இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்வது இங்கே யாருக்கும் இனிக்காது. 1977 மார்ச்சில் வடக்கே ஜனங்கள் அவசர நிலையைத் தூக்கி எறிந்தார்கள். தமிழ்நாடு எறியவில்லை. 1976 ஜனவரி 31-ந் தேதி நம் ராஜ்ய சர்க்காரே கலைக்கப்பட்டிருந்தும், இந்திரா காங்கிரஸோடு சேர்ந்து நின்ற அணிக்கே பெரும்பாலான இடங்களைக் கொடுத்தோம். ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீஸில் குமாஸ்தா இருந்தான் என்ற பேச்சைச் சேலத்தில் டீக்கடைதோறும் நான் கேட்டிருக்கிறேன். நிலையான ஜனநாயகம் என்று நாம் பெருமைப்படுவதில் எவ்வளவு ஜனநாயகம், எவ்வளவு வெறும் கீழ்ப்படிதல் என்று பிரித்துப் பார்க்க அந்தத் தேர்தல் முடிவுகள் உதவும்.

1978-ல் நாற்பத்து நாலாவது திருத்தம் இந்த வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டது. மந்திரிசபையின் முடிவு எழுத்தில் வரவேண்டும், உள்நாட்டுக் குழப்பம் என்று மட்டும் காரணம் சொன்னால் போதாது. நல்ல தாழ்ப்பாள்தான். ஆனால் தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்கிறது. அதைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் கையில். ராணுவம் வருமா என்று இனி யாராவது கேட்டால், முத்திரை சரியாக இருக்கும் ஓர் உத்தரவை வாங்கிக்கொண்டு ‘இது செல்லாது’ என்று திருப்பி அனுப்பும் கலெக்டர் ஜில்லாவுக்கு ஒருவராவது தேறுவாரா என்று நான் பதிலுக்குக் கேட்பேன். பிரெஞ்சுப் பையன்கள் டிரான்சிஸ்டரைக் கேட்டுவிட்டுச் செய்தது அதைத்தான்.